தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டிய கார்
பெர்த்தா பென்ஸ் அம்மையாரின் வாழ்க்கைக் கதை

பழைய காலத்துக் கார் வைத்திருப்பவர்களுக்குப் பெட்ரோலைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் கவலை அதிகம். ரேடியேட்டர் ஒழுகுகிறதா? என்ஜின் சூடேறுகிறதா? வழியில் தண்ணீர் கிடைக்குமா? இவைதான் அவர்கள் புறப்படும்முன் யோசிக்கும் விஷயங்கள்.

காரில் ஒரு நீண்ட பயணம் போய், இந்தக் கவலையை முதன்முதலாகப் பட்டவர் ஒரு பெண். இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு, கணவரிடம் சொல்லாமல் கொள்ளாமல் தாய் வீட்டுக்குப் புறப்பட்ட ஒரு குடும்பத் தலைவி!

அவர் பெயர் பெர்த்தா. கணவர் பெயர் கார்ல் பென்ஸ். பென்ஸ் கார் என்கிறோமே, அந்தப் பென்ஸ்தான்.

பெண் குழந்தை

ஜெர்மனியின் தென்மேற்கில் போர்ஸ்ஹைம் என்று ஓர் ஊர் இருக்கிறது. தங்க நகை செய்வதற்குப் பெயர் போன ஊர். அங்கே 1849-ம் ஆண்டு மே மாதம் 3-ந் தேதி பெர்த்தா பிறந்தார். தந்தை கார்ல் பிரெடரிக் ரிங்கர், மர வேலைகளையும் கட்டட வேலைகளையும் எடுத்துச் செய்து நல்ல பணம் சேர்த்தவர்.

அந்தக் காலத்தில் குழந்தை பிறந்தால் வீட்டுப் பைபிளில் எழுதி வைப்பார்கள். பெர்த்தா சிறுமியாக இருந்தபோது அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாராம். தான் பிறந்த நாளில், மறுபடியும் பெண்ணாகப் போய்விட்டதே என்று தந்தை வருத்தப்பட்டு எழுதியிருந்ததைப் படித்தாராம். இந்தக் கதையை அவருடைய வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

பெர்த்தா பள்ளிக்கூடம் போனார். எந்திரங்கள் என்றால் அவருக்கு ஆசை. ஆனால் ஆசைப்பட்டு என்ன செய்வது? அவர் வாழ்ந்த பாடன் நாட்டில் பெண்களைப் பல்கலைக்கழகத்தில் முறைப்படி சேர்க்க ஆரம்பித்ததே 1900-ம் ஆண்டில்தான். அப்போது பெர்த்தாவுக்கு ஐம்பது வயது ஆகிவிட்டது!

குதிரை வண்டியில் ஒரு சந்திப்பு

1869-ம் ஆண்டு ஜூன் மாதம். ஊரில் இருந்த ஒரு சங்கத்தார் பக்கத்தில் உள்ள மவுல்பிரான் என்ற பழைய மடாலயத்துக்கு உல்லாசப் பயணம் போனார்கள். பெர்த்தாவும் தாயாரும் போன குதிரை வண்டியில் ஓர் இளைஞர் வந்து ஏறிக்கொண்டார். அவர்தான் கார்ல் பென்ஸ். வயது 24.

கார்லின் தந்தை ரெயில் என்ஜின் ஓட்டியவர். கார்லுக்கு இரண்டு வயது ஆகும்போதே அவர் இறந்துவிட்டார். தாய் தனியாகப் பாடுபட்டு மகனைக் கார்ல்ஸ்ரூ நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்க வைத்தார். அப்போது கார்ல், போர்ஸ்ஹைமில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து வந்தார். கையில் காசு கிடையாது. ஆனால் மனத்தில் ஒரு பெரிய யோசனை இருந்தது. குதிரை இல்லாமல், தண்டவாளம் இல்லாமல், சாலையில் தானாக ஓடும் ஒரு வண்டி!

வேறு பெண்ணாக இருந்தால் சிரித்திருப்பாள். பெர்த்தா உட்கார்ந்து கேட்டார். அவருக்கு அது புரிந்தது.

சீதனப் பணம்

இருவருக்கும் திருமணம் நிச்சயமாயிற்று. 1871-ல் கார்ல், மன்ஹைம் என்ற நகரத்தில் ரிட்டர் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து ஒரு பட்டறை ஆரம்பித்தார். கூட்டாளி சரியில்லை. பட்டறை மூழ்கும் நிலைக்கு வந்துவிட்டது. கூட்டாளிக்குப் பணத்தைக் கொடுத்து விலக்கினால்தான் பிழைக்கலாம். பணத்துக்கு எங்கே போவது?

பெர்த்தா தம் தந்தையிடம் போய், தமக்குத் தரவேண்டிய சீதனத்தில் ஒரு பகுதியைக் கல்யாணத்துக்கு முன்பே கேட்டு வாங்கினார். கூட்டாளி வெளியேறினார். பட்டறை கார்லின் கைக்கு வந்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நாட்டுச் சட்டப்படி, கல்யாணம் ஆகாத பெண் தன் பணத்தைத் தொழிலில் போடலாம். கல்யாணம் ஆகிவிட்டால் அந்த உரிமை போய்விடும். பெர்த்தா முந்திக்கொண்டார்! 1872-ம் ஆண்டு ஜூலை மாதம் 20-ந் தேதி திருமணம் நடந்தது.

அடுத்த ஆண்டே நாடெங்கும் வியாபாரம் படுத்துவிட்டது. வங்கிகள் திவாலாயின. பட்டறையில் வருமானம் இல்லை. வீட்டில் யூஜின் பிறந்தான், ரிச்சர்டு பிறந்தான், கிளாரா பிறந்தாள். கடன் வளர்ந்தது. கார்லோ இரவும் பகலும் எந்திரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

1879-ம் ஆண்டின் கடைசி நாள் இரவு. எவ்வளவோ முயன்றும் அவர் செய்த என்ஜின் ஓடவில்லை. சாப்பாடு முடிந்ததும், இன்னொரு தடவை போய்ப் பார்க்கலாம் என்று பெர்த்தா கணவரைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார். சக்கரத்தைச் சுற்றினார்கள். என்ஜின் ஓட ஆரம்பித்தது. நிற்காமல் ஓடியது! கணவனும் மனைவியும் விளக்கொளியில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வெளியே ஊரில் புத்தாண்டு மணிகள் ஒலித்தன.

அந்த என்ஜின்தான் சோறு போட்டது. தொழிற்சாலைகளில் நிறுத்தி ஓட்டும் எந்திரமாக அதை விற்றார்கள். 1883-ல் புதுக் கூட்டாளிகளோடு "பென்ஸ் கம்பெனி" ஆரம்பமாயிற்று. கார்ல் மறுபடியும் தம் வண்டிக்குத் திரும்பினார்.

1886-ம் ஆண்டு ஜனவரி மாதம் 29-ந் தேதி அவர் தம் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டார். 37435 என்ற எண்ணில் அது பதிவாயிற்று. மோட்டார் காரின் பிறப்புச் சான்றிதழ் என்று அதைச் சொல்வார்கள். அதில் பென்ஸ் கம்பெனியின் பெயர்தான் இருக்கிறது. சீதனத்தைப் போட்ட பெர்த்தாவின் பெயர் எங்கும் இல்லை.

யாரும் வாங்கவில்லை

வண்டி பிறந்தது. ஆனால் வாங்குவதற்கு ஆள் இல்லை!

அது வெறும் விளையாட்டுப் பொருள் என்று சிலர் நினைத்தார்கள். வெடித்துவிடும் என்று சிலர் பயந்தார்கள். ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வருவதோடு சரி. அது வெளியூருக்குப் போகுமா, போனால் திரும்பி வருமா என்று யாருக்கும் தெரியாது. கார்லோ கூச்ச சுபாவம் உள்ளவர். இன்னும் கொஞ்சம் திருத்த வேண்டும், இன்னும் கொஞ்சம் செம்மை செய்ய வேண்டும் என்று வண்டியைக் கொட்டகையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

பெர்த்தா யோசித்தார். சீதனம் போயிற்று. பதினாறு வருஷ உழைப்புப் போயிற்று. வண்டி ஓடும் என்பதை ஊரார் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள். கணவரைக் கேட்டால் விடமாட்டார். ஆகவே கேட்கக்கூடாது!

1888-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். பள்ளிக்கூடம் விடுமுறை. ஒரு நாள் விடியற்காலையில் பெர்த்தா எழுந்தார். மூத்தவன் யூஜினுக்கு 15 வயது. அடுத்தவன் ரிச்சர்டுக்கு 14 ஆகப்போகிறது. பாட்டி வீட்டுக்குப் போகிறோம் என்று ஒரு சீட்டு எழுதி வைத்தார்கள். கார்ல் தூங்கிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுவிடாமல் வண்டியைக் கொஞ்ச தூரம் கையால் தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு சக்கரத்தைச் சுற்றி என்ஜினைக் கிளப்பினார்கள்.

கோபித்துக்கொண்டு தாய் வீடு போகும் மனைவியரை உலகம் பார்த்திருக்கிறது. கணவரின் கண்டுபிடிப்பையே ஓட்டிக்கொண்டு போனவர் இவர் ஒருவர்தான்! மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைம் சுமார் 106 கிலோமீட்டர். அதுவரை எந்த மோட்டார் வண்டியும் அவ்வளவு தூரம் போனதில்லை.

உலைப்பானை என்ஜின்

பெர்த்தா என்ன வண்டியில் போனார் என்று தெரிந்தால்தான் அவர் பட்ட பாடு விளங்கும்.

முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. வட்டமான ஸ்டியரிங் கிடையாது. ஒரு கைப்பிடிதான். என்ஜின் ஆசனத்துக்குப் பின்னால் இருந்தது. அதற்கு ஒரே ஒரு சிலிண்டர். பெட்ரோல் டாங்கி என்று தனியாக ஒன்றும் இல்லை. எரிபொருள் கொள்ளும் பாத்திரத்தில் நாலரை லிட்டர்தான் பிடிக்கும்.

அந்தக் காரில் ரேடியேட்டர் இல்லை. காற்றாடி இல்லை. தண்ணீரைச் சுழல விடும் பம்பும் இல்லை.

பிறகு என்ஜின் எப்படிக் குளிர்ந்தது? அடுப்பங்கரையில் சோற்றுப்பானையைப் பாருங்கள். கீழே தீ எரிகிறது. பானையில் தண்ணீர் இருக்கும் வரைக்கும் பானை அடிப்பிடிப்பதில்லை. ஏன்? தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடாகாது. அதற்கு மேல் வரும் வெப்பத்தை எல்லாம் ஆவி தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. தண்ணீர் வற்றினால்தான் ஆபத்து.

கார்ல் பென்ஸ் செய்ததும் இதுவே. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பம் சுமார் 2,000 டிகிரிக்குப் போகும். அதனால் சிலிண்டரைச் சுற்றி ஒரு கூடு அமைத்து அதில் தண்ணீர் நிற்க விட்டார். தண்ணீர் கொதிக்கும். ஆவி மேலே போய்விடும். என்ஜின் பிழைக்கும்.

யோசனை நல்ல யோசனைதான். ஒரே இடத்தில் நிற்கும் எந்திரமாக இருந்தால் பக்கத்தில் ஒரு தொட்டி வைத்து ஊற்றிக்கொண்டே இருக்கலாம். ஆனால் வண்டி ஓடுகிறதே! வண்டியில் எவ்வளவு தண்ணீரைச் சுமக்க முடியும்? ஆவியாகப் போனதை வழியில்தான் தேடி ஊற்ற வேண்டும். ஊற்றத் தவறினால் என்ன ஆகும்? எண்ணெய் கருகும். உள்ளே ஓடும் பிஸ்டன் சூட்டில் விரிந்து, சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அது வண்டியல்ல. இரும்புக் குவியல்!

ஆகவே அன்று முழுவதும் தாய்க்கும் மக்களுக்கும் ஒரே வேலைதான். தண்ணீர், தண்ணீர், தண்ணீர்! சத்திரம் கண்ட இடத்தில் நிறுத்தினார்கள். ஓடை கண்ட இடத்தில் நிறுத்தினார்கள். ஒன்றும் கிடைக்காதபோது சாலையோரப் பள்ளத்தில் நின்ற தண்ணீரைக்கூட மொண்டு ஊற்றினார்கள். குதிரைக்குத் தண்ணீர் காட்டுவது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். எந்திரம் தண்ணீர் குடிப்பதை அவர்கள் அப்போதுதான் பார்த்தார்கள்.

பெர்த்தாவின் பயணத்தைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய தொப்பி ஊசியைப் பற்றித்தான் பேசுவார்கள். அது சுவையான கதை என்பது உண்மை. ஆனால் ஊசிக்கு வேலை வந்தது ஒரு தடவை. தண்ணீருக்கு வேலை வழி நெடுக இருந்தது. வண்டியைப் பாட்டி வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த வேலைதான்.

மருந்துக் கடையில் எரிபொருள்

ஹைடல்பர்க் தாண்டி வீஸ்லோக் என்ற சிற்றூர். அங்கே எரிபொருள் தீரும் நிலை வந்தது. அந்தக் காலத்தில் பெட்ரோல் பங்க் ஏது? துணியில் பட்ட கறையைப் போக்குவதற்கு லிக்ராயின் என்று ஒரு திரவம் மருந்துக் கடையில் விற்பார்கள். பெட்ரோலுக்குத் தங்கை மாதிரி. கறை எடுக்கச் சின்னச் சீசாவில் வாங்குவதுதான் வழக்கம். பெர்த்தா அம்மையார் கடைக்காரரிடம் இருப்பதை எல்லாம் கேட்டார்! உலகத்தின் முதல் பெட்ரோல் நிலையம் என்று அந்த மருந்துக் கடைக்கு இப்போது பெயர். கடைக்கு முன்னால் நினைவுச் சின்னமும் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

எரிபொருள் வரும் குழாயில் தூசி அடைத்துக்கொண்டது. பெர்த்தா தொப்பியில் செருகியிருந்த நீண்ட ஊசியை உருவினார். குழாய்க்குள் விட்டுக் குத்தினார். அடைப்பு நீங்கியது.

மின்சாரப் பொறி உண்டாக்கும் கம்பியின் உறை தேய்ந்து, மின்சாரம் வழியிலேயே கசிந்தது. காலுறை நழுவாமல் கட்டும் நாடாவைக் கழற்றி அந்த இடத்தில் சுற்றினார். பொறி ஒழுங்காக வந்தது.

சக்கரத்தை இழுக்கும் சங்கிலி நீண்டு தொய்ந்துவிட்டது. புரூக்சால் என்ற ஊரில் ஒரு கொல்லர் அதைச் சரிசெய்து கொடுத்தார்.

மேடு வந்தால் வண்டி ஏறவில்லை. பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கம் வந்தால் வேறு பயம். பிரேக் என்பது சக்கரத்தில் போய் உராயும் மரக்கட்டை. கட்டை தேய்ந்து போயிற்று. பவுஷ்லாட் என்ற ஊரில் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் சொல்லி, அந்தக் கட்டைகளின்மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் செய்தார் பெர்த்தா. பிரேக் கட்டைக்கு மேலுறை போடும் வழக்கம் அங்கேதான் பிறந்தது என்கிறார்கள்.

இவ்வளவையும் செய்தவர் பட்டறையில் வேலை பழகியவர் அல்லர். பதினாறு ஆண்டுகளாகப் பட்டறைக்குப் பக்கத்தில் குடித்தனம் நடத்தியவர். எந்த உறுப்பு எதற்காக இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எது இல்லாவிட்டாலும் அதன் வேலையை வேறொன்றைக் கொண்டு செய்துவிடலாம் என்ற வீட்டுச் சாமர்த்தியமும் அவரிடம் இருந்தது.

பொழுது சாய்ந்தபின் மூவரும் போர்ஸ்ஹைம் போய்ச் சேர்ந்தார்கள். உடம்பெல்லாம் புழுதி. பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டோம் என்று கணவருக்குத் தந்தி போயிற்று. காலையில் எழுந்ததும் வண்டியையும் காணாமல் குடும்பத்தையும் காணாமல் தவித்த கார்லுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சில நாள் தாய் வீட்டில் இருந்துவிட்டு, வேறு வழியாக வண்டியிலேயே மன்ஹைம் திரும்பினார்கள். வழியெல்லாம் ஜனங்கள் கூடிக் கூடிப் பார்த்தார்கள். பேய் வண்டி என்று சிலர் மிரண்டார்கள். போகட்டும், பேசினார்கள் அல்லவா? பெர்த்தாவுக்கு வேண்டியது அதுதானே!

மனைவி சொன்ன குறைகள்

வீட்டுக்கு வந்த மனைவி, குறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். கார்ல் கேட்டுக்கொண்டார். மேடு ஏறுவதற்கென்று இன்னொரு கியர் வைத்தார். அடுத்த மாதமே மூனிச் நகரத்தில் நடந்த எந்திரக் கண்காட்சியில் வண்டி ஓடிக் காட்டியது. தங்கப் பதக்கம் கிடைத்தது.

பிரான்ஸ் நாட்டில் எமில் ரோஜர் என்பவர் பென்ஸ் வண்டிகளை விற்க ஆரம்பித்தார். 1893-ல் நான்கு சக்கரம் வைத்த "விக்டோரியா" வந்தது. 1894-ல் "வெலோ" என்ற சிறிய கார் வந்தது. 1899-ம் ஆண்டில் மட்டும் பென்ஸ் கம்பெனி 572 கார்கள் செய்தது. அப்போது உலகத்திலேயே பெரிய கார் கம்பெனி அதுதான்.

சரி, தண்ணீர்ப் பிரச்சினை என்ன ஆயிற்று?

அதைத் தீர்த்தவர்களில் பெரியவர், பென்ஸ் கம்பெனிக்குப் போட்டிக் கம்பெனியில் இருந்தார்! டைம்லர் கம்பெனியின் வில்ஹெல்ம் மேபாக்தான் அவர். தண்ணீரைக் கொதித்து ஆவியாகப் போக விடுவானேன், அதை வெளியே கொண்டுவந்து ஆறவைத்து மறுபடியும் என்ஜினுக்கே அனுப்பினால் என்ன என்பது அவர் யோசனை. 1901-ல் வெளிவந்த "மெர்சிடிஸ்" காரில் தேன்கூடு போன்ற ஒரு ரேடியேட்டரை வைத்தார். மொத்தம் 8,070 சின்னஞ்சிறு சதுரக் குழாய்கள்! ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர் அகலம். எல்லாவற்றையும் அடுக்கி, சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள். குழாய்களுக்கு நடுவே தண்ணீர் ஓடும். குழாய்களுக்குள்ளே காற்றுப் புகுந்து போகும். பின்னால் ஒரு காற்றாடி காற்றை இழுக்கும். அதன்பிறகு ஓடையைக் கண்ட இடத்தில் எல்லாம் வண்டியை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

இருந்தாலும் தண்ணீர்க் கவலை முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. பழைய கார்களைப் பழுது பார்க்கிறவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். உப்புத் தண்ணீரை ஊற்றினால் வெந்நீர்த் தவலையில் படிவதுபோல உள்ளே வெள்ளையாகப் படியும். மெல்லிய குழாய்கள் அடைத்துக்கொள்ளும். அதனால் மழைத் தண்ணீர் அல்லது காய்ச்சி வடித்த தண்ணீர்தான் நல்லது. அதிர்ச்சியில் பற்றவைத்த இடம் விட்டுப் போனால், ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடியும் ஈயம் வைத்துப் பற்ற வேண்டும். என்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக்கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். தண்ணீர் வற்றிக் காய்ந்துபோன என்ஜினில் உடனே குளிர்ந்த தண்ணீரைக் கொட்டவும் கூடாது. இரும்பு வெடித்துவிடும். ஆற விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும்.

பெர்த்தா அம்மையார் தண்ணீர் வற்றும் வரைக்கும் காத்திருக்கவில்லை. முன்கூட்டியே நிறுத்தி நிறுத்தி ஊற்றினார். அதனால்தான் அந்த என்ஜின் பிழைத்தது.

லாடன்பர்க் வீடு

செல்வம் வந்தபிறகு சண்டையும் வந்தது. கம்பெனியை நடத்திய மற்றவர்கள் மன்ஹைமுக்குப் பிரெஞ்சு நிபுணர்களை வரவழைத்தார்கள். கார்லுக்கு அது பிடிக்கவில்லை. 1903-ல் அவர் நிர்வாகத்திலிருந்து விலகினார். தாம் ஆரம்பித்த கம்பெனியில் தமக்கே இடம் இல்லை என்றால் எப்படி இருக்கும்!

குடும்பம் பக்கத்தில் உள்ள லாடன்பர்க் என்ற சின்ன ஊருக்குக் குடிபோயிற்று. 1906-ல் அங்கே மகன் யூஜினோடு சேர்ந்து "பென்ஸ் மக்கள்" என்ற பெயரில் ஒரு புதுக் கம்பெனி ஆரம்பித்தார் கார்ல். பிறகு ரிச்சர்டும் சேர்ந்துகொண்டார். அன்று மேட்டில் வண்டியைத் தள்ளிய அதே பையன்கள்தான்!

1925-ல் கார்ல் தம் வாழ்க்கைக் கதையை எழுதி வெளியிட்டார். மூழ்கப் போன சமயத்தில் தம்மோடு படகில் நின்றவர் மனைவி ஒருவரே என்று அதில் எழுதியிருக்கிறார். புகழ்ந்து பேசும் பழக்கம் இல்லாதவர் அவர். ஆகவே அது பெரிய வார்த்தை.

1926-ல் பழைய போட்டிக் கம்பெனிகள் இரண்டும் ஒன்றாக இணைந்தன. டைம்லர்-பென்ஸ் பிறந்தது. கார்களுக்கு மெர்சிடிஸ்-பென்ஸ் என்று பெயர் வைத்தார்கள். டைம்லரும் பென்சும் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்துக்குள் வாழ்ந்து ஒரே காலத்தில் ஒரே வேலையைச் செய்தவர்கள். டைம்லர் 1900-லேயே இறந்துவிட்டார்.

கார்ல் பென்ஸ் 1929-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 4-ந் தேதி லாடன்பர்க் வீட்டில் காலமானார். அவருக்கு வயது 84.

அதன்பிறகு பெர்த்தா பதினைந்து ஆண்டுகள் தனியாக வாழ்ந்தார். வாக்குரிமை இல்லாத பெண்ணாகப் பிறந்து, 1919-ல் ஜெர்மனியில் பெண்கள் வாக்குப் போட்டதையும் பார்த்தார். தம் கண்ணெதிரே குதிரை வண்டி மறைந்து தெருவெல்லாம் கார் ஓடுவதைப் பார்த்தார். இரண்டு உலகப் போர்களையும் பார்த்தார். 1943-ல், அவர் குடித்தனம் நடத்திய மன்ஹைம் நகரம் குண்டு வீச்சில் நொறுங்கியது.

1944-ம் ஆண்டு மே மாதம் 3-ந் தேதி அவருக்கு 95-வது பிறந்த நாள். கார்ல் படித்த அதே கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அன்று பெர்த்தா அம்மையாருக்கு மதிப்புறு செனட்டர் என்ற பட்டத்தை அளித்தது. அவருடைய இளமைக் காலத்தில் அந்தக் கல்லூரியின் வாசலைப் பெண்கள் மாணவியாக மிதித்ததில்லை!

இரண்டு நாள் கழித்து, மே 5-ந் தேதி, அவர் உயிர் பிரிந்தது. லாடன்பர்க் கல்லறையில் கணவருடன் அடக்கம் ஆனார்.

அமெரிக்காவில் மோட்டார் உலகப் பெரியோர்களுக்கு ஒரு புகழ் மண்டபம் இருக்கிறது. கார்ல் பென்சுக்கு 1984-ல் அங்கே இடம் கொடுத்தார்கள். பெர்த்தாவுக்கு இடம் கிடைக்க 2016 வரை ஆயிற்று.

ஆனால் ஜெர்மனிக்காரர்கள் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. 2008-ல் அவர் போன வழிக்கும் வந்த வழிக்கும் சேர்த்து, 194 கிலோமீட்டர் நீளச் சாலைக்கு அவர் பெயரையே வைத்து, வழி நெடுகப் பலகை நட்டார்கள். பழைய கார்ப் பிரியர்கள் அந்தச் சாலையில் தங்கள் வண்டிகளை ஓட்டிப் பார்ப்பது உண்டு. கார்ல் செய்தது போலவே மூன்று சக்கரத்தில் வண்டி செய்து ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தண்ணீர்ப் பாத்திரத்தை மறப்பதில்லை.